நாற்பத்திரண்டு அணுக்கள்

லேப் வேலை கற்க வந்திருக்கும் நீங்கள், நான் இரத்த அணுக்களைத் தவறாக எண்ணிய கதை எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படியும் சில உண்டு. ஆனால் இத்தனை வருட ஆய்வுக்கூட வேலையில், இன்றைக்கும் என்னை உறுத்துவது ஒரே ஒரு நாள்தான். அன்று நான் சரியாக எண்ணினேன். எண்ணியதை எழுதவில்லை.

எண்பதுகளின் நடுவில், ஓசூரில் இருபது படுக்கை கொண்ட ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்த்தேன். கணவருக்கு அங்கே தொழிற்சாலை வேலை கிடைத்ததால் கோவில்பட்டியிலிருந்து வந்தவள் நான். வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். நான் பேசும் தமிழைக் கேட்டுத் தமிழர்களே சிரிப்பார்கள். ஆய்வுக்கூடம் என்பது மாடிப்படிக்கு அடியில் இருந்த ஓர் அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜ், நான். அவ்வளவுதான்.

டாக்டருக்கு ஏறக்குறைய என் வயதுதான். பெங்களூரில் படித்துவிட்டு வந்து, கடன் வாங்கிக் கட்டிய மருத்துவமனை. நல்லவர், ஆனால் பதற்றக்காரர். நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்னால், வெள்ளையணு எண்ணுவதற்கு இரத்தத்தோடு கலக்கும் திரவத்தில் பூஞ்சை பிடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு குழந்தைக்கு மிகத் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டேன். பயந்துபோன அப்பா குழந்தையைப் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். அவர் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "சரோஜா மேடம், இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சாம்பிளை எல்லாம் பெங்களூருக்கே அனுப்பிடலாம். நமக்கு லேப் வேண்டாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

நசீமா வந்தது அதற்குப் பிறகு.

பத்தொன்பது வயது. பாகலூரில் இருந்துகொண்டு சந்தைக்குச் சந்தை துணி விற்கும் காதர் பாயின் ஒரே மகள். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு ஷெட்டில் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டும் வேலை. நான்கு நாளாகக் காய்ச்சல், அதற்கு முன்பே ஒரு மாதமாக அசதி. அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அவள் விரலில் குத்தினேன். இரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமானது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவள் மெல்லச் சொன்னாள்.

"இன்னொன்னு இருக்குதுங்கக்கா. இந்த மாசத்தது நிக்கவே இல்ல. பன்னெண்டு நாளாவுது. டாக்டரு ஆம்பளயாச்சே, அத்தா வேற பக்கத்துல இருந்தாரு. நான் சொல்லல."

"நான் சொல்லிடுதேன், நீ போய் உக்காரு" என்றேன்.

அப்போதெல்லாம் கோடு போட்ட கண்ணாடித் தட்டில் சொட்டு விட்டு, நான்கு மூலைக் கட்டங்களில் கிடக்கும் வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். வருகிற எண்ணை ஐம்பதால் பெருக்க வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு எண்பதுக்குக் குறையாமல் வரும். நசீமாவுக்கு நாற்பத்திரண்டு வந்தது. அதாவது இரண்டாயிரத்து நூறு.

முதலில் எனக்குத் தோன்றியது அந்தப் பெண்ணைப் பற்றி அல்ல. மறுபடியும் திரவம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். அவளைக் கூப்பிட்டு மறுபடி குத்தினேன். இந்த முறை நாற்பத்தாறு. இரண்டாயிரத்து முந்நூறு. அதே திரவத்தில் அன்று காலை எண்ணிய மற்ற இரண்டு பேருக்கும் எண் சரியாகத்தான் இருந்தது. அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பயந்தவளுக்கு அதெல்லாம் தோன்றாது. என் கண்ணில் நின்றது வராந்தாவில் சத்தம் போட்ட அந்த அப்பாதான்.

ரஃப் நோட்டில் பென்சிலால் இரண்டு எண்களையும் எழுதினேன். ரிப்போர்ட்டில் பேனாவால் 'நான்காயிரம்' என்று எழுதினேன்.

நான்காயிரம் என்பது யாரையும் கலவரப்படுத்தாத எண். குறைவு என்றும் சொல்ல முடியாது, நன்று என்றும் சொல்ல முடியாது. அதை எழுதி முடித்ததும் எனக்கு மூச்சு சீரானது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொய் எழுதியவுடன் நிம்மதியாக இருந்தது. ஹீமோகுளோபின் ஒன்பது. அந்த வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், அதை அப்படியே எழுதினேன். நிற்காத மாதவிலக்கைப் பற்றி டாக்டரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வேறு நோயாளியோடு இருந்தார். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

டைஃபாய்டில் வெள்ளையணு கொஞ்சம் குறையும். காய்ச்சலும் நான்காயிரமும் டாக்டருக்குப் பொருந்திப் போயின. அந்தக் காலத்தில் டைஃபாய்டுக்கு எல்லோரும் கொடுத்த குளோராம்ஃபெனிகால் காப்ஸ்யூலை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அதே வாரக் கடைசியில் கோவிந்தன் என்று ஓர் ஆள் வந்தார். சிங்காரப்பேட்டைக்காரர். தலைசுற்றல். அவருக்கு எனக்குக் கிடைத்தது இரண்டாயிரத்து அறுநூறு. இப்போது கை பழகிவிட்டிருந்தது. நான்காயிரத்து இருநூறு என்று எழுதினேன். பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் அவர் சொன்னபடி 'செருப்பு ஷெட், ஜூஜுவாடி' என்று எழுதியதும் நான்தான். அதே பக்கத்தில் மேலே நசீமாவின் பெயருக்கு எதிரில் அதே வார்த்தைகள் இருந்தன. நான் மேலே பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, ஆட்டோ ஒன்று வாசல்வரை ஏறி வந்து நின்றது. காதர் பாய் இறங்கினார். அவர் சட்டை முன்பக்கம் முழுக்க இரத்தம். அது அவருடையது அல்ல. நசீமாவின் மூக்கில் விடியற்காலையில் தொடங்கிய இரத்தம் நிற்கவே இல்லை. கையில், முழங்காலில், நீல நீலமாகக் கன்றிப்போயிருந்தது. யாரும் அடிக்கவில்லை என்று நாங்கள் கேட்காமலேயே பாய் சொன்னார். "தொட்டாலே கன்னிப் போவுதுங்க. வூட்ல யாரும் கை வெக்கல. அல்லா மேல சத்தியமா."

டாக்டர் அவள் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டிருக்கும்போதே நான் இரத்தம் எடுத்தேன். கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்களுக்கு நடுவே எங்கும் வெறுமை. வெள்ளையணு ஒன்றைத் தேடிக்கண்டுபிடிக்கவே நேரமானது. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள், தூசுபோல எங்கும் சிதறிக் கிடக்க வேண்டியவை, கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இரத்தப் புற்றுநோயாக இருந்தால் வளர்ச்சி முடியாத பெரிய அணுக்கள் கூட்டமாக வெளியே வந்திருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. ஆகவே இன்னொரு சோதனை செய்தேன். இது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அன்று அது என்ன சொல்லியது என்பதற்காகச் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையில் ஒரு சிவப்பணு உருவாகத் தொடங்கும்போது அது பெரியது, நடுவில் பெரிய உட்கருவோடு இருக்கும். நாள்பட நாள்பட அது சிறுக்கும், உள்ளே சிவப்பு நிறையும், உட்கரு சுருங்கிக் கருத்து, ஒருநாள் வெளியே தள்ளப்பட்டுவிடும். உட்கரு போன அந்த இளம் அணு இரத்தத்துக்கு வந்த பிறகும் ஏறக்குறைய ஒரு நாள் தன் பழைய வேலையின் மிச்சத்தை உள்ளே இழைஇழையாக வைத்திருக்கும். நீலச் சாயத்தில் அந்த இழைகள் மட்டும் தெரியும். ரெட்டிக் என்று நாம் சொல்வது இதைத்தான். வெளியே ரெட்டிக் இருந்தால் உள்ளே மஜ்ஜை வேலை செய்கிறது என்று பொருள். இரத்தம் இழந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அது அள்ளிக் கொட்ட வேண்டும்.

ஆயிரம் சிவப்பணுக்களை எண்ணினேன். நீல இழை இருந்தது ஒன்றே ஒன்றில். மறுபடி வேறு ஓரத்திலிருந்து ஆயிரம் எண்ணினேன். ஒன்றுகூட இல்லை.

வெள்ளையணுவின் ஆயுள் கொஞ்சம். தட்டணு பத்து நாள் இருக்கும். சிவப்பணு நாலு மாதம் ஓடும். மஜ்ஜை நின்றுபோனால் முதலில் காணாமல் போவது வெள்ளையணுதான், சிவப்பு கடைசியில்தான் குறையும். மூன்று வாரம் முன்னால் அந்த நாற்பத்திரண்டு அணுக்கள் எனக்குச் சொன்னது இதைத்தான்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். மேசையில் ஒரு தடித்த புத்தகம் விரித்துக் கிடந்தது. அவர் அதைப் படிக்கவில்லை, ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொடுத்த காப்ஸ்யூல்தான்" என்றார். "எப்பவோ ஒருத்தருக்கு மஜ்ஜைய அப்படியே நிறுத்திடும்னு போட்டிருக்கு. மூணு வாரம் முன்னாடி நாலாயிரம் இருந்தது. இப்ப இது. நடுவுல நான் கொடுத்ததுதானே இருக்கு? பாய்கிட்ட சொல்லிடப் போறேன்."

எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

அந்த ஐந்தாறு அடி தூரத்தில் எனக்கு என்னவெல்லாம் தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ரஃப் நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பென்சில் எழுத்து. அழித்தால் போய்விடும். டாக்டரே தன்மீது பழியை எடுத்துக்கொள்கிறார். யாருக்கும் தெரியப்போவதில்லை. கணவருக்கு அப்போது லே-ஆஃப், என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இவ்வளவும் தோன்றியது. கூடவே கோவிந்தனின் முகமும் தோன்றியது. அவருடைய நான்காயிரத்து இருநூறும்.

"சார், அன்னைக்கு நாலாயிரம் இல்ல."

அவர் திரும்பினார்.

"ரெண்டாயிரத்து நூறு. திரும்ப எண்ணினேன், ரெண்டாயிரத்து முந்நூறு. நான்தான் நாலாயிரம்னு எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு அப்பவே மாசவிலக்கு நிக்காம இருந்திருக்கு. என்கிட்ட சொன்னா. அதையும் நான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன்?"

"பயம் சார்."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பிவந்து உட்கார்ந்து, நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பென்சில் எண்களை நெடுநேரம் பார்த்தார். "காப்ஸ்யூலுக்கு முன்னாடியே" என்றார். பிறகு மிக மெதுவாக, "இது தெரிஞ்சிருந்தா நான் அந்தக் காப்ஸ்யூலக் கொடுத்திருக்கவே மாட்டேன் மேடம்" என்றார்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற யாருக்காவது இப்படி எழுதினீங்களா?"

பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தேன். நசீமா, கோவிந்தன். இருவர் பெயருக்கும் எதிரில் ஒரே ஷெட்.

நசீமாவை அன்று மதியத்துக்குள் பெங்களூர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். கூட அனுப்பிய கடிதத்தில் என் உண்மையான எண்களையும், அவள் செய்த வேலையையும் எழுதினார். வண்டி ஏறுமுன் காதர் பாய் என் பக்கம் திரும்பி, "பொழச்சுக்குமாம்மா?" என்று கேட்டார். "பாப்போம் பாய்" என்றேன். டாக்டர் என் அருகில் நின்றிருந்தார். வண்டி போன பிறகு, "அவருகிட்ட நீங்கதான் சொல்லணும். எப்பன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

மறுநாள் காலை டாக்டரின் காரில் ஜூஜுவாடிக்குப் போனோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட். கதவைத் தாண்டியதும் பெட்ரோல் பங்க்கின் வாசனையில் இனிப்புக் கலந்தாற்போல் ஒரு நெடி. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காற்று பட்டால் பசை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் மின்விசிறியும் இல்லை. பசையை அவர்கள் 'சொல்யூஷன்' என்றார்கள். ஆளுக்கொரு டப்பா, ஒரு பிரஷ், குனிந்த தலை. மூலையில் பெயரில்லாத ஒரு டிரம். சில மாதமாகத்தான் இந்த டிரம் வருகிறதாம், முன்னால் வேறு வந்ததாம். ரப்பரைக் கரைக்க அதில் பென்சீன் இருக்கிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அது மஜ்ஜையைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை இத்தனை பக்கத்தில் பார்த்தது அவருக்கும் முதல் முறை.

சூப்பர்வைசர் முனிராஜ் கையை விரித்து வழிமறித்தார்.

"எங்க ஜனங்க ரத்தத்த எடுத்து என்னா பண்ணப் போறீங்க? மொதலாளி பெங்களூர்ல இருக்கறாரு. அவரு சொல்லாம வேணாம் சார், பேடா."

டாக்டர் சட்டம், போலீஸ் என்று ஆரம்பித்தார். முனிராஜின் முகம் இறுகிக்கொண்டே போனது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முனிராஜின் விரித்த கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே சின்னச்சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"அது என்னதுங்க?"

"கொசு மேடம். இங்க ஜாஸ்தி."

"ஒரு நிமிஷம் காட்டுங்க."

பையிலிருந்து கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் புள்ளிகள்மேல் வைத்து அழுத்தினேன். "கொசுக்கடியா இருந்தா அழுத்துனதும் வெளுத்துப் போகும். பாருங்க." அவரும் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே சுற்றியிருந்த தோல் வெளுத்தது. புள்ளிகள் அப்படியே சிவப்பாக இருந்தன. அது தோலுக்குள்ளே கசிந்த இரத்தம்.

அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நசீமாவுக்கும் மொதல்ல இப்புடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியலைங்க. நான் பாக்கல" என்றேன். அது உண்மை. அவர் வழியை விட்டார். சத்தமாக எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். முதல் ஆளாகத் தன் கையை நீட்டினார்.

புளியமரத்தடியில் வைத்து எல்லாருக்கும் எடுத்தேன். கோவிந்தன் அவர்களில் இல்லை. உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டதாம்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, என்னால் என் கண்ணை நம்ப முடியவில்லை. முன்பு திரவத்தின் மேல் சந்தேகம். இப்போது என் மேலேயே. ஆகவே ஒன்று செய்தோம். ஒவ்வொரு தட்டையும் நான் எண்ணி, எண்ணை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைப்பேன். பிறகு டாக்டர் எண்ணித் தன் சீட்டில் எழுதுவார். அதன்பிறகே இரண்டையும் பிரிப்போம். பத்துப் பேரில் ஐந்து பேருக்கு எண் கீழே கிடந்தது. மிக மோசம் முனிராஜுக்கு. நீங்களும் சந்தேகம் வரும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். உங்கள் எண்ணை முதலில் மையால் எழுதிவிடுங்கள், பிறகு அடுத்தவரைக் கேளுங்கள்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. நசீமாவுக்கு நிறைய புது இரத்தம் வேண்டும் என்று பெங்களூரிலிருந்து தகவல் வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஷெட் ஆட்கள் அத்தனை பேரும் மருத்துவமனை வாசலில் வந்து நின்றார்கள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. முனிராஜ் முன்னால் நின்றார்.

"நாங்க குடுக்கறோம் மேடம். எங்க கூட வேல செஞ்ச பொண்ணு."

"உங்க ரத்தத்த நான் எடுக்க முடியாதுங்க."

"ஏன், நாங்க என்னா நோயாளியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

நான் கையிலிருந்த முந்தின நாள் சீட்டுகளைப் பார்த்தேன். சிரித்தவர் மெல்ல நிறுத்திக்கொண்டார். மடித்த கைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்து அவரவர் எண்ணைச் சொன்னேன். எண் நன்றாக இருந்தவர்களும் நம்பவில்லை. "மறைக்காம சொல்லுங்கக்கா" என்றார்கள். இரத்தம் கொடுத்தது பாகலூர்ச் சந்தை வியாபாரிகளும், எங்கள் மருத்துவமனையில் நானும் இரண்டு ஆயாக்களும்.

முதலாளி நான்காம் நாள் வந்தார். மரியாதையான மனிதர், மெல்லப் பேசினார். டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து என் அறைக்கு வந்து, "டிரம்மை மாத்திடறேன் மேடம். ரிப்போர்ட்ல மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க. நாலாயிரம், அஞ்சாயிரம். அவ்வளவுதானே?" என்றார். அவர் முதலில் சொன்னது நான் நசீமாவுக்கு எழுதிய அதே எண். யாரும் கேட்காமலேயே, யாரும் மிரட்டாமலேயே அதை நான் ஏற்கெனவே செய்திருந்தேன். "முடியாதுங்க" என்றேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்காதீர்கள். அவரைவிட என்னைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதினார். ஆய்வாளர் வருவதற்குள் டிரம் காணாமல் போயிருந்தது. ஷெட் மூடப்பட்டது. சில மாதம் கழித்து அத்திப்பள்ளிப் பக்கம் வேறு பெயரில் திறந்ததாகக் கேள்விப்பட்டேன். வேலை போனதற்கு என்னைத் திட்டியவர்களும் உண்டு. அந்த நெடியிலிருந்து விலகியதும் நான்கு பேருக்கு எண் ஏறிவிட்டது. முனிராஜுக்கு ஆறு மாதம் ஆனது. கோவிந்தனைத் தேடி டாக்டரும் நானும் சிங்காரப்பேட்டைக்கே போனோம். பதிவேட்டில் ஊர் பெயர் மட்டும்தான் இருந்தது, தெருவோ தகப்பன் பெயரோ நான் கேட்டு எழுதியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில், டீக்கடைகளில், அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். எந்தக் கோவிந்தன் என்று எல்லாரும் திருப்பிக் கேட்டார்கள். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராவது தன் ஊர் சிங்காரப்பேட்டை என்று சொன்னால் இன்றைக்கும் அடுத்த கேள்வி கேட்கப் பயப்படுவேன்.

பெங்களூரில் நசீமாவின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அணுக்கள் உருவாகி வளர வேண்டிய இடமெல்லாம் வெறும் கொழுப்பு என்று எழுதியிருந்தார்கள். ஆறு வாரம் அங்கே இருந்தாள். இரண்டு முறை காய்ச்சல் வந்து, இனி நம்பிக்கை இல்லை என்று பாய்க்கே சொல்லிவிட்டார்களாம். பிறகு அனுப்பினார்கள். குணமானதால் அல்ல. அங்கே செய்ய வேறொன்றும் இல்லாததால். வாராவாரம் எங்களிடம் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் விரலில் குத்தி ரெட்டிக் எண்ணுவேன். ஆயிரத்துக்கு ஒன்று. அடுத்த வாரம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னாக்கா, வந்துச்சா?" என்பாள். பாய்க்கு உண்மையைச் சொல்ல ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். இப்போது சொன்னால் தாங்க மாட்டார். பெண் கொஞ்சம் தேறட்டும். இன்று அவருக்கு வியாபாரம் சரியில்லை போலிருக்கிறது. இப்படி இரண்டு மாதம்.

ஒரு செவ்வாய் காலை நீலச் சாயத்தில் பார்க்கும்போது முதலில் பார்த்த வட்டத்திலேயே ஓர் இழை. நகர்த்தினேன், இன்னொன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஆயிரத்துக்குப் பதினான்கு. தட்டணுக்கள்கூட அங்கங்கே தலைகாட்டின. உள்ளே ஏதோ தொடங்கிவிட்டது. ரிப்போர்ட்டில் பதினான்கு என்று எழுதினேன். நசீமாவிடம் சொன்னதும் அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, காதர் பாயை மட்டும் என் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நின்றுகொண்டேதான் சொன்னேன். நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு, நான் எழுதிய நான்காயிரம், அதை நம்பி டாக்டர் கொடுத்த காப்ஸ்யூல், அதற்குப் பிறகும் அவள் மூன்று வாரம் அந்த ஷெட்டில் உட்கார்ந்தது. எதையும் விடவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைசியில் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும்.

"இதுல பதினாலுன்னு போட்டிருக்கீங்களே" என்றார். "இது நெஜமாம்மா?"

"நெஜம் பாய்" என்று சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. ஸ்லைடை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றார். முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீல இழை வரும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணினேன். ஒன்று. நெடுநேரம் கழித்து இரண்டு. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், நான் திறக்கவில்லை. ஆயிரம் முடிந்தபோது என் கழுத்து மரத்துப் போயிருந்தது.

பதிமூன்று வந்தது.

ஒன்று கூடுவதும் குறைவதும் சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் விளக்கவும் இல்லை. ரிப்போர்ட்டை வாங்கிப் பதினான்கை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் பதிமூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காதர் பாய் அதை வாங்கி, அடித்த எண்ணையும் எழுதிய எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அடுத்த செவ்வாக்கெழமையும் எம்முன்னாலதான் எண்ணணும்" என்றார்.

"சரிங்க பாய்" என்றேன்.

கதவைத் திறந்துகொண்டு மகளைக் கூட்டிப் போகப் போனார்.